தேயிலைச் சரிவில் வில்லா வளாகம், ஊர்த் தடத்தில் பூட்டு: எங்கே போய்ச் சொல்வது?

கட்டபெட்டு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் கோத்தகிரி தாலுகாவில், கட்டபெட்டில் இருந்து கீழே இறங்கும் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில் இருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் அந்த வளாகத்தின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் போதும்.

எங்கள் ஊருக்கும் மேலே பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சரிவு, முழுக்கத் தேயிலை. அதன் ஊடே ஒரு தடம் ஏறும். தலையில் இலை மூட்டையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் செடிப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பிடிக்க ஏறுவது அதில்தான். பறித்த இலையை எடை போடக் கொண்டுபோவதும் அதில்தான். எங்கள் தெய்வமான ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்தி வரிசையாகப் போவதும், யாராவது தவறிவிட்டால் தூக்கிக்கொண்டு போவதும் அதே தடம். என் பாட்டி கல்யாணமாகி இந்த ஊருக்குள் வந்தது அதில் இறங்கித்தான். பாதி வழியில் ஒரு ஊற்று இருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் மேல் வரிசை வீடுகளுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

அந்தச் சரிவு ஐந்து குடும்பங்களுக்குச் சொந்தம். அதில் ஒருவர் என் சித்தப்பா. 1990களின் கடைசியில் விழுந்த பச்சைத் தேயிலை விலை அதற்கப்புறம் நிலையாக நிமிரவே இல்லை. உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் ஏறிக்கொண்டே போயிற்று. 2023இல் விலை கேட்டு உண்ணாவிரதம்கூட உட்கார்ந்து பார்த்தோம். சித்தப்பா பிள்ளைகள் ஒருவன் கோயம்புத்தூரில், ஒருவன் பெங்களூரில். முட்டி வலியோடு அவர் எத்தனை காலம் சரிவில் ஏறி இறங்குவார்? ஏக்கருக்கு வந்தவர்கள் சொன்ன தொகையைத் தேயிலையில் சம்பாதிக்க இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். விற்றுவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இங்கே யாரும் சொல்லவும் வேண்டாம்.

பொக்லைன் வந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, வரிசையாக வீடுகள் கட்டினார்கள். மேலே ரோட்டுப் பக்கம் பெரிய கேட், கீழே எங்கள் பக்கம் சின்ன கேட். சுற்றிலும் கம்பி வலை, அதற்கு மேலே சோலார் மின்வேலி. முதலில் சின்ன கேட் திறந்தே கிடந்தது, நாங்களும் போய்வந்துகொண்டிருந்தோம். போன தை மாதம் பூட்டு விழுந்தது. மேல் கேட் வழியாக இறங்கி வரலாம் என்று போன என் அம்மாவை, எழுபது தாண்டியவரை, காவலாளி நிறுத்தி எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா என் வீட்டுக்கு என்று சொல்லியிருக்கிறாள். அது எத்தனாம் நம்பர் வில்லா என்று அடுத்த கேள்வி. போன் நம்பர் சொல்லுங்கள், செயலியில் ஏற்ற வேண்டும் என்றாராம். அம்மாவிடம் போன் கிடையாது. தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து சேர்ந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. கால் வலி என்றுதான் சொன்னாள்.

இன்னொரு விஷயம் காட்டெருமை. அவை ஓடைக்கு இறங்குகிற வழியும் அந்தச் சரிவுதான். எங்களுக்கு நேரம் தெரியும், அவற்றுக்கும் எங்களைத் தெரியும், ஒதுங்கிப் போய்விடுவோம். இப்போது வலையை ஒட்டியே நடந்து நேராக எங்கள் வீட்டு வரிசைக்கு வருகின்றன. தடம் இல்லாததால் பிள்ளைகளும் இருட்டும் நேரத்தில் அதே தார் ரோட்டில் வருகிறார்கள். ஒரு சாயங்காலம் வளைவில் பெரிய கடா ஒன்று நின்றது. வேலிக்கு உள்ளே இருந்து டார்ச் அடித்து விசில் ஊதியதில் அது எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. என் அண்ணன் மகள் செடிக்குள் குதித்துத் தப்பினாள். கவாத்து பண்ணிய குச்சி முழங்கையைக் கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று.

அந்த வீடுகள் பாதிக்கு மேல் வாரம் முழுக்க இருட்டாகத்தான் கிடக்கின்றன. சனி, ஞாயிறு விளக்கு எரியும். சிலவற்றை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரட்டும், நல்லபடியாக இருக்கட்டும். நிலத்தை வாங்கினார்கள், சரி. தடத்தை யார் விற்றது? ஊற்றை யார் விற்றது? சட்டப்படி எங்களுக்கு ஏதாவது பிடி இருக்கிறதா? ஊர்த் தலைவர்கள் பேசிப் பார்க்கலாம் என்கிறார்கள். பேசப் போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது என்று நினைக்கிறேன்.


பழைய சர்வேயர், குன்னூர்:

அம்மா, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்திலேயே பெரும்பாலும் வேலை பார்த்தேன். பிடி இருக்கிறது. ஆனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சித்தப்பா விற்ற நிலத்தின் சர்வே எண், உட்பிரிவு எண் எடுங்கள். அந்தப் புல எண்களுக்கு எப்.எம்.பி. என்கிற புலப்பட வரைபடமும், எந்த எண் என்ன வகை நிலம், யார் பேரில் என்று சொல்லும் ‘அ’ பதிவேடும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். தடத்துக்கு என்று தனி உட்பிரிவு எண் இருந்து, ‘அ’ பதிவேட்டில் அது பாதை என்றோ புறம்போக்கு என்றோ இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது யாருடைய பட்டாவிலும் வராது, யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. தாசில்தாருக்கு மனு கொடுத்தால் ஆக்கிரமிப்பு என்று நடவடிக்கை எடுக்க வேண்டும். ஊற்றுக்கும் இதேதான். நம் மலையில் ஊற்று பெரும்பாலும் ஓடை ஓரத்தில் இருக்கும். ஓடைப் புறம்போக்குக்குள் விழுகிறதா என்று அளந்து பார்க்காமல் விடாதீர்கள். வலை போடுகிறவர்கள் ஓடையின் இந்தக் கரையில் நிறுத்த மாட்டார்கள், அந்தக் கரை வரைக்கும் இழுத்துவிடுவார்கள். நான் அளந்த இடங்களில் இதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தனி எண் இல்லை, பட்டா நிலத்துக்குள்ளேயே தடம் போகிறது என்றால் பத்திரத்தைப் பாருங்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய பாகப் பத்திரம், எல்லாமே. நாற்புற எல்லை சொல்லும் இடத்திலோ அதற்கு அடுத்த வரியிலோ ‘மாமூல் வழிநடைத் தடம்’, ‘வழிநடை பாத்தியம்’ என்று, அதாவது நடந்துபோகும் உரிமை பற்றி, ஏதாவது வந்திருக்கும். பழைய பத்திர எழுத்தர்கள் அதை விடவே மாட்டார்கள்.

பத்திரத்திலும் இல்லாவிட்டால் 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 15ஆவது பிரிவு: ஒரு வழியை 20 வருடம், தடையில்லாமல், உரிமையோடு, வெளிப்படையாகப் பயன்படுத்தி வந்தால் அந்த வழி உரிமை உறுதியாகிவிடும். உங்கள் பாட்டி காலத்துத் தடம் என்றால் அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். அந்த 20 வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். அதாவது கேட் பூட்டியதில் இருந்து இரண்டு வருடம் பேச்சுவார்த்தையிலேயே ஓடிவிட்டால் இந்தப் பிடி நழுவிவிடும். போன தை என்கிறீர்கள், நேரம் இருக்கிறது. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

அடுத்தது வளாகத்தின் அனுமதி. நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் அதை எப்படி அனுமதி வாங்கினார்கள் என்பது முக்கியம். மனைப்பிரிவாக வாங்கியிருந்தால், அதாவது மனை மனையாகப் பிரித்து விற்றிருந்தால், உள்ளே போட்ட ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த நிமிடமே அது பஞ்சாயத்து ரோடு. அதில் கேட் போட்டுப் பேர் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. விளம்பரத்தில் பாதுகாப்பான தனி வளாகம் என்று போட்டு விற்ற பல இடங்களில் உண்மை நிலவரம் இதுதான். வாங்கியவர்களுக்கே தெரியாது. அதுவே குழும வீடுகளாக ஒரே அனுமதியில் கட்டி, நிலத்தை எல்லோருக்கும் பொதுவான பிரிபடாத பாகமாக எழுதிக் கொடுத்திருந்தால் உள் ரோடு அவர்களுடையது. அப்போதும் பழைய தடத்தின் மேல் உங்கள் உரிமை போகாது.

அனுமதி ஆணை நகல், தானப் பத்திரம், ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுவின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்ற விவரம், பொக்லைனுக்கு அனுமதி வாங்கினார்களா என்ற விவரம், இவற்றை 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன்: இளைஞர்கள் பூட்டை உடைக்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைத்துவிட்டால் அன்றைக்கே நீங்கள் குற்றவாளி, அவர்கள் புகார்தாரர்.


வில்பட்டி விவசாயி:

அக்கா, நான் கொடைக்கானல் பக்கம், வில்பட்டி. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். உங்களுக்குத் தேயிலை விலை மாதிரி எங்களுக்கு இருப்பது ஆள் கூலியும் காட்டெருமையும். ஒரு ராத்திரியில் பூண்டுப் பாத்தி முழுக்க மிதிபட்டுக் கிடக்கும். அப்படி ஒரு காலையில்தான் நிலம் வாங்குகிறவர் போன் பண்ணுவார். விற்காமல் இருப்பதற்குப் பெரிய மனத்தெம்பு வேண்டும்.

எங்கள் பக்கம் வளாகம் என்றால் ஒரே சுற்றுச்சுவருக்குள் எல்லாம் வருவதில்லை. ஒரு படிக்கட்டு வயலை ஒருவர், அடுத்ததை இன்னொருவர் என்று வாங்குவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கீழே ஒரே கேட் போட்டுவிடுவார்கள். நடுவில் விற்காமல் நின்ற ஒரு விவசாயி தன் வயலுக்கே கேட்டில் பேர் எழுதிவிட்டுப் போக வேண்டும். டிராக்டருக்கு அனுமதி இல்லை, சத்தம் வருகிறதாம். உர மூட்டையைத் தலையில் சுமந்தே கொண்டுபோனார். இரண்டு பருவம் பார்த்தார், மூன்றாவதில் அவரும் விற்றுவிட்டார். விலையும் குறைவாகத்தான் போனது. வழி இல்லாத நிலத்துக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

அதனால் உங்கள் ஊரில் இன்னும் விற்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். விற்பதென்றால் விற்கட்டும். ஆனால் பத்திரத்தில் தடத்தின் அகலம் இத்தனை அடி, இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை, மேற்படி தடத்தில் ஊராருக்கு வழிநடை பாத்தியம் உண்டு, அடைக்கக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். ஊற்றுக்கும் வாய்க்காலுக்கும் தனித் தனி வரி. வாங்குகிறவர் முகம் சுளிப்பார். சுளித்தாலும் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் அவருக்கு நிலம் வேண்டும். பணம் கைமாறிய பிறகு அந்த ஒரு வரியை எழுத வைக்க முடியாது. எங்கள் ஊரில் இப்போது இதைக் கட்டாயமாக்கிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்கிற இணைய அனுமதிச் சீட்டு வந்தது, 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. உங்கள் நீலகிரிக்கு 6,000, 8,000. நல்லதுதான். ஆனால் மலையில் எத்தனை வீடு கட்டலாம், எந்தச் சரிவில் கட்டலாம் என்பதற்கும் அப்படி ஒரு கண்டிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வந்து போகிற வண்டி மாலையில் இறங்கிவிடும், வெட்டிய சரிவு திரும்ப வராது.


பெயர் வேண்டாம்:

அக்கா, நான் இதே மாதிரி ஒரு வளாகத்தில் தோட்ட வேலை பார்க்கிறேன். கோத்தகிரி பக்கம்தான். என் மனைவி அங்கேயே இரண்டு வீட்டில் சமையல். இலை பறித்துக்கொண்டிருந்தபோது வந்ததைவிட வருமானம் அதிகம், அட்டைக்கடி இல்லை, மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. மகளை குன்னூரில் காலேஜுக்கு அனுப்புவது அந்தப் பணத்தில்தான். உங்கள் தடம் திறக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மனு, போராட்டம் என்று போகும்போது உள்ளே வேலை செய்கிற நம் ஆட்களை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காவலாளியும் எங்கேயோ வெளி மாநிலத்தில் இருந்து வந்த பையன், சொன்னதைச் செய்கிறான். அவனிடம் கோபப்படாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் அந்தக் குளிரில் நிற்கிறான், ராத்திரி காட்டெருமை வந்தால் அவனுக்கு விசிலைத் தவிர கையில் ஒன்றும் இல்லை.


ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், குன்னூர்:

சகோதரிக்கு வணக்கம். நான் மறுபக்கத்தில் இருப்பவன். கோயம்புத்தூரில் வீட்டை விற்றுவிட்டுக் குன்னூருக்கு அருகே ஒரு வளாகத்தில் மனைவியோடு குடியிருக்கிறேன். வார இறுதிக்காரன் அல்ல. மழையோ பனியோ இங்கேதான்.

நாங்கள் ஏன் கேட்டுக்குள் வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். மனைவிக்கு மூச்சுத் தொல்லை. கீழே புகையில் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆள் வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட ஒருவர் வேண்டும். தனி வீடாக வாங்கினால் அது கிடைக்காது. உங்களை வெளியே நிறுத்த வேண்டும் என்று யாரும் வாங்குவதில்லை. ஆனால் பூட்டினால் நடப்பது அதுதான் என்பதை உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபோது முழுதாக உணர்ந்தேன். நேற்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் வளாகத்திலும் ஒரு பழைய தடம் இருந்தது. கட்டியவர் விற்கும்போது முழுக்கத் தனிப்பட்ட ரோடு என்றார். எங்கள் நலச்சங்கம் பதிவுக்காக ஆவணங்களைத் திரட்டியபோதுதான் ரோடு பஞ்சாயத்துக்குத் தானமாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. பெரியவர் மேலே எழுதியது அப்படியே உண்மை. பொதுக்குழுவில் இரண்டு கூட்டம் சத்தமாகவே நடந்தது. கேமராவுக்குப் பணம் கட்டினோமே, திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் பக்கக் கதவு ஒன்றைக் காலை ஆறு மணி முதல் இரவு ஏழரை வரை திறந்து வைப்பது, யாரையும் பேர் கேட்பதில்லை, சாவு வீடு, பண்டிகை என்றால் எந்த நேரமும் பெரிய கேட்டையே திறப்பது என்று தீர்மானம் போட்டோம். இன்று வரை ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. எனக்குக் கிடைத்தது கீழ் ஊரில் நான்கு சிநேகிதர்கள். மனைவிக்கு முடியாமல் போன ஒரு ராத்திரி அவர்கள் முதலில் ஓடி வந்தது அந்தத் தடத்தில்தான்.

உங்கள் பக்கத்து வளாகத்தின் சங்கச் செயலாளர் யாரென்று விசாரியுங்கள். கட்டியவரிடம் பேசுவதைவிடக் குடியிருப்பவர்களிடம் பேசுவது நல்லது. கட்டியவர் விற்று முடித்ததும் போய்விடுவார், அவர்கள்தான் உங்களோடு இருக்கப் போகிறார்கள்.


கட்டபெட்டு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. சர்வேயர் ஐயா சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் அண்ணன் மகன் கணினியில் எடுத்துக் கொடுத்தான்.

தடத்துக்குத் தனி எண் இல்லை. ஐந்து பேர் நிலத்திலும் பட்டாவுக்குள்தான் போகிறது. ஆனால் சித்தப்பாவின் பாகப் பத்திரத்தில், என் தாத்தா காலத்தில் எழுதியதில், ‘மேற்படி பூமியில் உள்ள மாமூல் வழிநடைத் தடமும் ஊற்று நீர் பாத்தியமும் ஊர்ப் பொது’ என்று அழகாக இருக்கிறது. சித்தப்பா எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரத்தில் அந்த வரி இல்லை. கேட்டேன். கட்டுக் கட்டாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன் என்றார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. நேற்று அவரே வந்து, எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் வந்து தடம் இருந்தது என்று சொல்கிறேன் என்றார். விற்ற மற்ற நால்வரில் மூவரும் சரி என்றுவிட்டார்கள்.

ஊற்று விஷயத்தில் ஐயா சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. பக்கத்திலேயே ஓடைக்குத் தனி எண் இருக்கிறது, ‘அ’ பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வலை ஓடையைத் தாண்டி நிற்கிற மாதிரி தெரிகிறது. அளப்பதற்கு மனு கொடுத்திருக்கிறோம். தகவல் உரிமை மனுவும் போய்விட்டது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊட்டிக்குப் போய் ஆட்சியரிடமும் கொடுத்தோம். அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைக்கப் போகிறோம், பெண்கள் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குன்னூர் அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மனைவி உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். இங்கே சங்கச் செயலாளர் சென்னையில் இருக்கிறார், போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். காலை மட்டும் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் திறக்கலாம், ஊராருக்கு அடையாள அட்டை அச்சடித்துத் தருகிறோம் என்றார். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டை என்றால் அது அவர்கள் கொடுத்த சலுகை ஆகிவிடும், நாளைக்கு இன்னொரு செயலாளர் வந்தால் நிறுத்திவிடலாம். உங்கள் வளாகத்தில் போட்ட மாதிரி பேர் கேட்காத கதவு, எழுத்தில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் நேரில் வருகிறார்.

தோட்ட வேலை தம்பி, உங்கள் பயம் நியாயமானது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் உள்ளே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் யாரையும் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையில் அவர்கள் வேலையைத் தொடக் கூடாது என்பதையும் ஒரு நிபந்தனையாக வைக்கிறோம். காவலாளிப் பையனுக்கு ஒடிசா. அம்மா இப்போது அவனோடு ராசியாகிவிட்டாள், டீ கொடுத்தனுப்புகிறாள்.

காட்டெருமைக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. வனத்துறையில் கேட்டபோது மின்வேலிக்கு 2023இல் வந்த விதிகள் இருக்கின்றன, வேலியைப் பதிவு செய்தார்களா என்று பார்க்கிறோம் என்றார்கள். வலையின் கீழ்மூலையை மட்டும் உள்ளே தள்ளி, ஓடை ஓரமாக ஒரு பட்டை நிலத்தை விட்டுவிட்டால் அவை பழையபடி இறங்கிப் போய்விடும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் செத்தார்கள். அந்த ஓடையை மண் போட்டு மூடாமல் வைத்திருப்பது மேலே குடியிருப்பவர்களுக்கும் நல்லதுதான். இதையும் செயலாளரிடம் சொல்லப் போகிறேன்.

ஐயா, அளக்க வரும் அன்று நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?


பழைய சர்வேயர், குன்னூர்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. அந்தப் பாகப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொன்று வாங்கி வைத்துவிடுங்கள். மூலத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

அளக்கும் அன்று பக்கத்து நிலத்துக்காரர்கள் என்ற முறையில் வளாகத்தாருக்கும் அறிவிப்புப் போயிருக்க வேண்டும். போனதா என்று முந்தின நாளே கேளுங்கள், இல்லாவிட்டால் அதையே காரணமாகச் சொல்லி அளவையை எதிர்ப்பார்கள். ஊரில் வயதானவர் இருவர் நிற்கட்டும். பழைய எல்லைக் கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேயிலைச் செடிக்கு அடியில் பல கல் புதைந்து கிடக்கும், கடப்பாரையும் அரிவாளும் கொண்டுபோங்கள். வேலிக்கு உள்ளே போய் அளக்க வேண்டும் என்றால் கிராம நிர்வாக அலுவலரும் கூட இருக்கட்டும். புதுக் கல் நட்ட உடனே நான்கு பக்கமும் படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. அளவர் வரைந்த படத்தின் நகலுக்கு அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் தேதி வாங்கப் பாருங்கள். மழை பிடித்துவிட்டால் அந்தச் சரிவில் ஆள் நிற்க முடியாது, தேதி தள்ளிக்கொண்டே போய்விடும்.